மலை ஆள் பாட்டு, மாடு ஆள் பாட்டு

என் மருமகள் கோமதியின் போனை நான் ஒருநாளும் நம்பியதில்லை. மழை வரும் என்று சொல்லும், வராது. வராது என்று சொன்ன அன்றைக்குத்தான் காயப்போட்ட நெல் நனையும். அது பாட்டுகளையும் தானாகவே வகை பிரித்து வைக்கிறது என்று போன மாசம் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து எனக்கு அதன்மேல் உள்ள சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

நானும் கோமதியும் முற்றத்தில் இருந்து கச்சான் கடலைக் கோது உடைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஜெயபுரத்தில் இந்த முறை கச்சான் பரவாயில்லை. போனை உரலில் சாய்த்து வைத்துப் பாட்டுப் போட்டிருந்தாள். ஒரு பாட்டு முடிந்தால் அது தானாக அடுத்ததைப் போடும். எங்கள் கை முழுக்க மண், யார் போய்த் தொடுவது? தமிழில் தொடங்கியது எப்படியோ வழி தவறி இங்கிலீசுக்குப் போய்விட்டது. முதலில் வயலினும் கிற்றாரும் வைத்துக்கொண்டு ஒருவன் அவசரமாகப் பாடினான். அடுத்தவன் ஆறுதலாக, குதிரை நடக்கிற மாதிரிப் பாடினான். மூன்றாவது பாட்டு வந்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன மாமி, சொத்தையோ?" என்றாள் கோமதி.

"இல்லை. உந்தப் பாட்டை மாத்தாதை."

அவள் எட்டிப் போனைப் பார்த்தாள். "இதுவும் அதே வகைதானாம் மாமி. கன்ட்ரி அன்ட் வெஸ்டர்ன் எண்டு கிடக்கு."

"பொய். முதல் பாடினவன் மலை ஆள். ரெண்டாவது மாடு ஆள். இது ரெண்டும் இல்லை. இது செத்த வீட்டுப் பாட்டு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "மாமி, பூநகரி பஸ்ஸில இங்கிலீசு எழுத்தை என்னை வாசிச்சுக் காட்டச் சொல்லுற ஆள் நீங்கள்! எந்த ஊரில போய்ப் படிச்சனீங்கள் உதை?"

நான் இன்னொரு கச்சானை உடைத்தேன். எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்புவரை படித்ததால் எழுத மட்டும் வரும். எழுதும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். நீங்கள்கூட இப்போது பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

"ஆர் உதுக்குப் பிரிக்கச் சொல்லிக் குடுத்தது?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. அது தானாப் பிரிக்கும்."

தானாகப் பிரிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒருமுறை நானும் தானாகப் பிரித்தவள்தான். அதனால் ஒரு நல்ல மனிதர் கள்ளன் என்ற பெயரோடு வேலையை விட்டுப் போனார்.

தேயிலைப் பெட்டி பார்த்திருக்கிறீர்களா? பலகையால் செய்து, ஓரத்துக்குத் தகரம் அடித்து, உள்ளுக்கு ஈயத்தாள் ஒட்டியிருக்கும் பெரிய பெட்டி. தேயிலை போய்ப் பல வருசமானாலும் மணம் போகாது. கிளிநொச்சிப் பக்கம் குளத்தடியில் இருந்த எஞ்சினியர் ஐயாவின் குவாட்டர்ஸுக்குள் நான் முதல்முதலாகக் கால் வைத்தபோது அந்த மணம்தான் அடித்தது. நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து இரண்டாவது வருசம். எனக்குப் பதினைந்து வயது. இந்த மணம் ஏன் என்னைத் துரத்திக்கொண்டு இங்கேயும் வருகிறது என்று எனக்கு ஒரு பயம். லயத்து வீட்டை விட்டு வந்தாலும் தோட்டம் விடாதாக்கும் என்று நினைத்தேன்.

அம்மா என்னை வேலைக்கு விட்ட அன்று படியில் வைத்துச் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. "புள்ள, அங்க ஒரு சாமானையும் தொடாத. எதுனாச்சும் காணாமப் போச்சுன்னா மொதல்ல நம்ம மடியத்தான் அவுத்துப் பாப்பாங்க." அம்மா புத்திமதி சொல்வது அபூர்வம். அதனால் சொன்னது கல்லில் எழுதினது மாதிரி நின்றுவிட்டது.

இரண்டு தேயிலைப் பெட்டிகள் முன் அறையில் இருந்தன. உள்ளுக்குத் தேயிலை இல்லை. கறுப்புத் தட்டுகள்! அரக்கில் வார்த்த மாதிரி, பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள பழைய காலத்து றெக்கோட்டுகள். கை தவறினால் அப்பளம். அதைப் போட சாவி கொடுத்துச் சுற்றுகிற ஒரு பாட்டுப்பெட்டியும் இருந்தது. எங்களுக்கு அப்போது கறன்ட் இல்லை. எஞ்சினியர் ஐயா கொழும்புப் பக்கத்துப் பறங்கி ஆள். குளத்துக் கட்டு வேலை, வாய்க்கால் வேலை எல்லாம் அவருடைய பொறுப்பு. அவருடைய மனைவியை எல்லாரும் நோனா என்பார்கள். நான் போவதற்கு முன்பே நோனா அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டா. அலுமாரியின் மேல்தட்டில் அவா விட்டுப் போன சின்ன றெக்கோட் பெட்டி ஒன்று இருந்தது. அது முழுக்கக் கோயில் பாட்டு, ஆண்டவர் பாட்டு. ஐயா அதைத் திறக்கவேமாட்டார்.

சமையலுக்கு செல்லையா அண்ணை. வடமராட்சி ஆள், நாற்பது வயதிருக்கும். மாங்குளத்தில் அவருடைய அக்கா குடும்பம் இருந்தது. அத்தான்காரர் கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதுதான் அவருடைய கழுத்தில் சுருக்காக விழுந்தது.

செல்லையா அண்ணை மாதிரி ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. சீனிப் பேணியை மூடுமுன் சீனியின் மேல் நகத்தால் ஒரு கீறு போடுவார். அடுத்தமுறை திறக்கும்போது கீறு குலைந்திருக்கிறதா என்று பார்ப்பார். நான் குசினிக்குள் போய் வந்தால் பால் பேணியைத் தூக்கிப் பாரம் பார்ப்பார்.

"தோட்டத்துப் பிள்ளையளின்ர கை சும்மா இராது எண்டு சொல்லுவினம்," என்றார் முதல் கிழமையிலேயே. "நான் சொல்லேல்லை. சொல்லுவினம்."

எனக்கு அழுகையாக வந்தது. ஆனால் நானும் குறைந்தவள் இல்லை. என் தகரப்பெட்டி மூடிக்கு இடையில் ஒரு தலைமயிரை வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். அவர் திறந்தால் மயிர் விழும் அல்லவா? ஒருநாளும் விழவில்லை. விழாததே எனக்குச் சந்தேகம். மயிரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற கெட்டிக்காரராக்கும் என்று நினைத்தேன்.

இப்படி ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு அந்த வீட்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மட்டும் காவல் தளரும். ஐயா விறாந்தையில் பாட்டுப்பெட்டியை வைத்துச் சாவி கொடுப்பார். செல்லையா அண்ணை குசினி வாசலில் வெங்காயம் உரிப்பார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். ஒருநாள் ஐயா என் பாதத்தைக் கண்டுவிட்டார் போல. தாளத்துக்கு அது தானாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

"பிள்ளை, வா. கேள்," என்றார். அவருடைய தமிழ் கல்லு ரோட்டில் மாட்டுவண்டி போகிற மாதிரி. "இது மலை ஆள் பாட்டு. மலையில் சின்ன வீடு. அம்மா, கோயில், சாராயம், அழுகை. சரியா? இப்ப இது. இது மாடு ஆள் பாட்டு. மலை இல்லை. பெரிய வெளி. மாடு, குதிரை, வெயில். வீடு இல்லை. கடைக்காரன் ரெண்டும் சேர்த்து ஒரு பேர் போட்டு விக்கிறான். அவன் பொய்."

ஒரு பெட்டி மலை ஆளுக்கு, மற்றது மாடு ஆளுக்கு. இப்படித்தான் அவர் பிரித்து வைத்திருந்தார். மலைப் பெட்டிக்குள் இன்னும் சில சாதிகள் இருந்தன. ஐந்து பேர் சேர்ந்து மூச்சு விடாமல் கம்பிகளை அடிக்கிற ஒரு வகை. அதற்கு ஏதோ புல்லின் பெயர் சொன்னார். புல்லின் பேரில் ஏன் பாட்டு என்று எனக்குப் புரியவில்லை. குரலை நடுத்தொண்டையில் உடைத்து மேலே ஏற்றுகிற வகை இன்னொன்று. பஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்த கறுப்புச் சனத்தின் பாட்டு மூன்று தட்டு. "முதுகு நோகிற பாட்டு," என்றார் ஐயா. அதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் கூடைக் கயிறு நெற்றியில் இறுக்கின தழும்பு ஞாபகம் வந்தது. அதை மற்றவற்றோடு போட்டிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. யாரிடம் சொல்வது? மாட்டுப் பெட்டிக்குள்ளும் டவுனுக்குப் போய்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆடுகிற பாட்டுகள் கொஞ்சம் இருந்தன. அதில் மாட்டு வாசமே இல்லை. எனக்கு அவற்றின்மேலும் சந்தேகம்தான்.

சொல் ஒன்றும் விளங்காத எனக்கு வித்தியாசம் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். கோமதியும் அதைத்தான் கேட்டாள். நான் கண்டுபிடித்தது இதுதான். மலையில் பாடினால் மலை திருப்பிப் பாடும். எங்கள் தோட்டத்தில் ஒரு பொம்பளை இந்தக் கொழுந்து மலையில் ஒரு வரி பாடினால் அது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வரும்வரை நிறுத்தித்தான் அடுத்த வரி எடுப்பாள். அதனால் மலைப் பாட்டு துண்டு துண்டாக வரும், வெடுக் வெடுக் என்று இருக்கும். வன்னிக்கு வந்த பிறகு வெளியில் மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர்கள் கத்துவதைக் கேட்டேன். இங்கே திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை. போன சத்தம் போனதுதான். அதனால் இழுத்துக்கொண்டே போவார்கள். ஐயாவின் தட்டுகளிலும் அதே வித்தியாசம் இருந்தது. நறுக்கிப் பாடினால் மலை, இழுத்துப் பாடினால் மாடு. இதை ஐயாவிடம் சொல்லியிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். சொல்லவில்லை.

ஒருமுறை ஐயா இரண்டு கிழமைக்குக் கொழும்புக்குப் போனார். போய் மூன்றாம் நாள், முன் அறை கூட்டும்போது மலைப் பெட்டியின் அடியில் மண் கோடு ஒன்று ஏறியிருந்தது. கறையான்! வன்னிக் கறையானுக்கு எஞ்சினியர் என்றும் ஏழை என்றும் இல்லை. பலகையைக் குடைந்து, உறைகளைத் தின்று, தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த பெயர்க் கடதாசியையும் தின்றுவிட்டுப் பக்கத்து மாட்டுப் பெட்டிக்குள்ளும் போயிருந்தது. தட்டை மட்டும் அதனால் தின்ன முடியவில்லை.

செல்லையா அண்ணை அன்று பரந்தன் சந்தைக்குப் போயிருந்தார். வந்தால் "நீ கூட்டாத கூட்டுத்தான்" என்று என்மேல் போடுவார் என்ற பயத்தில், அவர் வருமுன் எல்லாத் தட்டையும் அள்ளி எடுத்து நிலத்தில் பரப்பி, மண் தட்டி, துணியால் துடைத்தேன். பெட்டிகளை வெயிலில் வைத்து மண்ணெண்ணெய் பூசினேன். திருப்பி அடுக்கப் போகும்போதுதான் உறைத்தது. எது எந்தப் பெட்டி? உறை இல்லை, பெயர் இல்லை. இருந்தாலும் எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது.

அம்மா தொடாதே என்று சொன்னதை அன்றைக்குத் தொட்டேன். பாட்டுப்பெட்டிக்குச் சாவி கொடுத்து, சத்தம் வெளியே போகாமல் குழலுக்குள் என் பழைய பாவாடையைத் திணித்து, ஒவ்வொரு தட்டாக முதல் கொஞ்சம் கேட்டேன். மலை. மலை. மாடு. புல்லு, அப்படியென்றால் மலை. மாடு. பஞ்சு, அதையும் மனமில்லாமல் மலைக்குள்ளே வைத்தேன். பயத்திலும் உள்ளுக்குள் ஒரு பெருமை. பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காத எனக்கு அதுதான் சோதனை மாதிரி இருந்தது.

ஒரு தட்டு மட்டும் என்னை மறித்தது. அதை ஐயா ஒருநாளும் போட்டு நான் கேட்டதில்லை. ஒற்றை வயலின். ஒரு ஆண் குரல், ஆனால் பாடின விதம் பொம்பளைகள் தோளில் கை போட்டு வட்டமாக இருந்து அழுகிற மாதிரி. வரியின் கடைசியில் குரல் கீழே வளைந்து நிலத்தைத் தொட்டுவிட்டு எழும்பியது. மலையும் இல்லை, குதிரைக் குளம்பும் இல்லை. இது ஒப்பாரி. எங்கள் வீடுகளில் செத்த வீட்டுப் பாட்டைச் சும்மா நாளில் வாயில் எடுக்கமாட்டோம். மற்றப் பாட்டுகளோடு சேர்த்துப் பாடினால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். சாவுக்குரியது சாமிக்குப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். ஆகவே கதிரையில் ஏறி, அலுமாரி மேல்தட்டில் இருந்த நோனாவின் சின்னப் பெட்டியைத் திறந்து, கோயில் பாட்டுகளோடு அதைப் பக்குவமாக வைத்தேன். என் கணக்கில் அதைவிடச் சரியான இடம் இல்லை.

செல்லையா அண்ணை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "என்ன, மண்ணெண்ணெய் நாறுது?" என்றார். "கறையான்," என்றேன். குனிந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். சந்தேகத்தில் நாடியைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு அவர் மாங்குளத்துக்குப் போனார். போகும்போது கையில் வட்டமாக, தட்டையாக, பேப்பரில் சுற்றிச் சணல் கட்டின ஒரு சாமான். நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். அவர் அதைக் கக்கத்தில் வைத்த விதம், பஸ்ஸுக்குப் போகுமுன் திரும்பிப் பார்த்த விதம், எல்லாம் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. லவுட்ஸ்பீக்கர் அத்தானின் ஞாபகம் வந்தது. ஆகா, சீனிக்குக் கீறு போடுகிறவர் செய்கிற வேலையைப் பார் என்று நினைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் ஒரு சந்தோசமும் இருந்தது.

ஐயா வந்தார். கறையான் கதையைக் கேட்டுவிட்டு ஒவ்வொரு தட்டாகப் போட்டுப் பார்த்தார். மலைப் பெட்டியில் மலை, மாட்டுப் பெட்டியில் மாடு. "யார் பிரிச்சது?" என்றார். நான் நிலத்தைப் பார்த்தேன். "நீயா? எல்லாம் சரி! ஒண்ணுகூடப் பிழை இல்லை!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே பரிசு. அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. நான் ஒன்றுகூடப் பிழை விடவில்லை என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து ஐயா பெட்டியைக் கவிழ்த்துத் தேடத் தொடங்கினார். கொழும்பில் நோனாவின் கடிதம் வந்திருக்கிறது, நீங்களும் வந்துவிடுங்கள் என்று. அவா இருந்த காலத்தில் இரண்டு பேரும் கேட்கிற ஒரு பாட்டு. அவா போன பிறகு அவர் அதைப் போட்டதில்லையாம். இப்போது கேட்கவேண்டும் போல் இருந்திருக்கிறது. அவர் செல்லையா அண்ணையிடம் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. "குதிரை ஆள் பாட்டு. மாட்டுப் பெட்டியில் இருந்தது. இல்லை."

நான் மனச்சாட்சி சுத்தமாக மாட்டுப் பெட்டியைத் தேடினேன். குளம்புச் சத்தம் உள்ள தட்டெல்லாம் அங்கேதான் இருந்தது. ஒன்று குறைகிறது என்று ஐயா சொன்னால் குறையத்தான் செய்யும். குறைந்தது எங்கே போயிருக்கும்? வட்டமான பேப்பர்ப் பொட்டலம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

விறாந்தையில் வைத்து ஐயா கேட்டார். "செல்லையா, உன் அத்தானிடம் லவுட்ஸ்பீக்கர் இருக்கு இல்லையா?"

செல்லையா அண்ணைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் சிரித்துவிட்டார். "ஐயா, அவர் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் பாட்டுப் போடுறவர். உங்கட குதிரைக்காரனைப் போட்டா மாப்பிள்ளை தாலியை விட்டிட்டு எழும்பி ஓடுவான்."

ஐயா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ ஏதும் கண்டதா?"

வாழ்க்கை முழுக்க வாய் திறக்காத நான் அன்றைக்குத் திறந்தேன். "வட்டமா ஒரு சாமான். பேப்பர்ல சுத்திக்கொண்டு பஸ்ஸில போனார்."

"அது தோசைக்கல் ஐயா," என்றார் செல்லையா அண்ணை. "அக்கா கடை போடப் போறா. அவாவுக்கு வாங்கினனான். வேணுமெண்டா மாங்குளத்துக்கு ஆள் அனுப்பிப் பாருங்கோ."

ஐயா ஆள் அனுப்பவில்லை. பார்த்து இல்லை என்றால் வெட்கம், இருந்தால் அதைவிட வெட்கம் என்று நினைத்தாரோ என்னவோ. "வேண்டாம். நீ போ," என்றார் மெதுவாக. செல்லையா அண்ணை அப்போது என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. என்னைப் பயப்படுத்துகிறார் என்று நினைத்தேன். விடிந்து முதல் பஸ்ஸில் போய்விட்டார். நான் குசினிக்குள் போய்ச் சீனிப் பேணியைத் திறந்தேன். கீறு அப்படியே இருந்தது.

அதன்பிறகு சமையலும் நானே. நாலைந்து மாதத்தில் ஐயா அவுஸ்திரேலியாவுக்குப் போக ஆயத்தமானார். பெட்டிகளுக்கு ஆணி அடிக்குமுன் வைக்கோல் திணிப்பது என் வேலை. நோனாவின் சின்னப் பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கினேன். கறையான் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. உள்ளே எல்லாத் தட்டுக்கும் நடுவில் பெயர்க் கடதாசி பளிச்சென்று இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை.

அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். மாட்டுப் பெட்டியில் ஒன்று குறைந்தது. இங்கே ஒன்று கூட இருக்கிறது. நான் வைத்த ஒப்பாரி. ஐயாவின் குதிரைக்காரன் இவன்தான்.

பத்தடி தள்ளி ஐயா விறாந்தையில் சப்பாத்து மினுக்கிக்கொண்டிருந்தார். "ஐயா" என்று ஒரு சொல் கூப்பிட்டால் போதும். அம்மா சொன்ன மடி அவிழ்ப்பு ஞாபகம் வந்தது. ஒருவரைக் கள்ளன் ஆக்கிய வாய் இப்போது என்னையும் கள்ளி ஆக்கும் என்று பயந்தேன். வைக்கோலைத் திணித்தேன். மூடியை வைத்தேன். ஆணியை நானே அடித்தேன். தான் தேடின பாட்டைத் தன் சாமானோடேயே கொண்டு அவர் கடல் தாண்டிப் போனார். அங்கே பெட்டியைத் திறந்து கண்டுபிடித்தாரோ, கண்டு என்ன நினைத்தாரோ தெரியாது. அதன் பிறகு ஒரு சாமானை உறையிலிட்டு மூடும்போதெல்லாம் என்மேலேயே எனக்குச் சந்தேகம் வரும்.

பிறகு கலியாணம், பிள்ளை. மகனுக்கு நாலு வயதிருக்கும்போது ஒருநாள் வவுனியாவுக்குப் போக மாங்குளத்தில் இறங்கி பஸ் மாறவேண்டியிருந்தது. சந்தியில் ஒரு தோசைக் கடை. அடுப்படியில் நின்ற ஆள் திரும்பினார். செல்லையா அண்ணை. தலை நரைத்திருந்தது.

"நீயோ பிள்ளை?" என்றார். "வா, இரு. பெடியன் பசியோட நிக்கிறான்."

போகாமல் இருக்கத்தான் பார்த்தேன். அவர் வாங்குப் பலகையைத் துடைத்து எங்களை இருத்தினார். உள்ளே அவருடைய அக்கா மா கரைத்துக்கொண்டிருந்தா. கல்லில் தோசை வார்த்தார். நான் கல்லைப் பார்த்தேன். கறுத்து, வட்டமாக, விளிம்பு தேய்ந்து, சரியாக ஒரு றெக்கோட் அளவு. அந்தக் கல்லில் சுட்ட தோசையை நான் எப்படி விழுங்கினேன் என்று தெரியாது. ஆனால் விழுங்கினேன். நல்ல ருசி. இரண்டாவதும் போட்டார்.

பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இனி என்ன பயம், சொல்லு. அதை நீதானே எடுத்தனீ?"

"இல்லை அண்ணை."

"சரி, சரி. எனக்கு அண்டைக்கே தெரியும். சந்தையால வரேக்க பாட்டுப்பெட்டிக் குழலுக்கை உன்ர பாவாடைத் துண்டு கிடந்ததைக் கண்டனான். ஐயாவிட்டைச் சொல்லத்தான் வாயெடுத்தனான். பிறகு பார்த்தன், குமர்ப்பிள்ளை. தோட்டத்தில இருந்து வந்த பிள்ளை வேறை. கள்ளி எண்டு பேர் விழுந்தா ஆர் கட்டுவான்? எனக்கென்ன, ஆம்பிளை. அக்கா வீட்டை போய் தோசை சுடலாம்." கரண்டியைத் தட்டிச் சிரித்தார். "சுடுறன்தானே!"

நீங்கள் யோசித்துப் பாருங்கள். அவர் என்னைச் சந்தேகப்பட்டார், சொல்லாமல் விட்டார். நான் அவரைச் சந்தேகப்பட்டேன், சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அது சின்னப் பெட்டிக்குள்ள" என்ற அளவுக்கு நாக்கின் நுனியில் வந்தது. அதற்குள் "வவுனியா, வவுனியா!" என்று கொண்டக்டர் கத்தினார். மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இத்தனை வருசமாக அந்த பஸ்ஸின்மேல் பழி போட்டு வைத்திருக்கிறேன். உண்மை என்னவென்றால், நான் ஏறி இருந்த பிறகும் அந்த பஸ் பத்து நிமிசம் அங்கேயே நின்றது. யன்னலால் பார்த்தால் அவர் தெரிந்தார். என்னைப் பார்த்து, போ, போ என்று கையைக் காட்டினார்.

பிறகு சண்டையில் வந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். எத்தனை இடப்பெயர்வு, எத்தனை தறப்பாள் கொட்டில். மாங்குளத்தால் எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன், ஓடியும் போயிருக்கிறேன். திரும்ப இறங்கவில்லை.

கச்சான் உடைத்த அன்று அந்த மூன்றாவது பாட்டு முடிந்ததும், "அதைத் திரும்பப் போடு பிள்ளை. என்ன சொல்லுறான் எண்டு கேட்டுச் சொல்லு," என்றேன் கோமதியிடம். அவள் பத்தாம் வகுப்புவரை படித்தவள். காதைக் கிட்ட வைத்துக் கேட்டாள்.

"குதிரைக்காரன் ஒருத்தனைப் பற்றித்தான் மாமி. மழைக்குள்ள மாடு சாய்ச்சுக்கொண்டு போனவனாம். குதிரை மட்டும் தனிய வீட்டை வந்ததாம்." போனை உரலில் திரும்பச் சாய்த்துவிட்டு, "நீங்கள் சொன்னது சரிதான். செத்த வீட்டுப் பாட்டுத்தான்," என்றாள்.

ஐயாவின் தட்டில் இருந்தது இதே பாட்டுத்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அன்றைக்கு நான் கேட்டது அதன் முதல் துண்டு மட்டும். ஆனால் குரல் நிலத்தைத் தொட்டு எழும்பினது அதே மாதிரித்தான். ஐயாவுக்குச் சொல் தெரியும், அவர் மாட்டுப் பெட்டியில் வைத்தார். எனக்கு இராகம் மட்டும் தெரியும், சாமிப் பெட்டியில் வைத்தேன். எங்கள் இரண்டு பேரின் சரிக்கும் நடுவில் ஒரு மனிதர் பஸ் ஏறிப் போனார்.

போன வெள்ளிக்கிழமை ஒருவருக்கும் சொல்லாமல் மாங்குளத்துக்குப் போனேன். சந்தியில் இறங்கினேன். தோசைக் கடை இருந்த இடத்தில் போன் விற்கிற கடை. உள்ளே இருந்த பெண்ணிடம், "பிள்ளை, இதிலை முந்தி ஒரு தோசைக் கடை," என்று கேட்கவே எனக்குக் கால் மணித்தியாலம் எடுத்தது. "தெரியாது அம்மா. நாங்கள் இப்பத்தான் வந்தனாங்கள். போன் பார்க்கப் போறீங்களோ?" என்றாள்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் நின்றேன். குளத்தடியில் குவாட்டர்ஸ் இல்லை, அத்திவாரக் கல் மட்டும் பற்றைக்குள் கிடக்கிறது. தேயிலைப் பெட்டி இல்லை, லவுட்ஸ்பீக்கர் இல்லை, தோசைக்கல் இல்லை. என்னைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டே எனக்கு இரண்டாவது தோசையும் போட்ட மனிதர் இல்லை. கோமதியின் போனில் அந்தப் பாட்டு மட்டும் இருக்கிறது. கன்ட்ரி அன்ட் வெஸ்டர்ன் என்றுதான் இன்னும் போட்டிருக்கிறதாம். மாத்தலாம் மாமி, எதுக்குள்ள வைக்க என்று கேட்டாள். அது கிடக்கிற இடத்திலேயே கிடக்கட்டும், கை வைக்காதை என்று சொல்லிவிட்டேன்.